ஜிம்மில் முதல் 12 வாரம்: எந்தப் பயிற்சி, எந்த வரிசையில்?

ஜிம்மில் புதிதாகச் சேர்பவர் கையில் பெரும்பாலும் முதல் நாளே ஒரு சார்ட் வந்துவிடும். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் கை, வெள்ளி கால், சனி வயிறு. இரண்டு மூன்று வருடம் வெயிட் போட்டுப் பழகியவருக்கு இந்தச் சார்ட் சரி. புதியவருக்குச் சரிப்படாது. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் போன்றவை முதலில் உடம்பு பழகிக்கொள்ள வேண்டிய அசைவுகள். வாரத்துக்கு ஒரே நாள் செய்தால் அடுத்த வாரம் வரும்போது பாதி மறந்திருக்கும். அதோடு, ஒரே நாளில் நெஞ்சுக்கு மட்டும் 12, 16 செட் (நடுவே நிறுத்தாமல் செய்யும் ஒரு தொகுப்பு ஒரு செட்) போட்டால் பழக்கமில்லாத தசை மூன்று நாள் வலிக்கும். சட்டை மாட்டக்கூடக் கையைத் தூக்க முடியாது. முதல் மாதத்திலேயே ஜிம்முக்கு முழுக்குப் போடுகிறவர்கள் பலரை விரட்டுவது இந்தச் சார்ட்தான்.

எங்கள் பரிந்துரை வேறு. முதல் 8 வாரம், வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் வெயிட். கூடவே பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் நடை. இன்டர்வெல், சர்க்யூட் இரண்டும் 9-ஆம் வாரத்திலிருந்துதான். மாஸ்டரிடம் "மாஸ்டர், மூணு நாள் ஃபுல் பாடி பண்றேன், ஃபார்ம் மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். ஃபார்ம் என்றால் அசைவைச் சரியாகச் செய்யும் முறை. நல்ல மாஸ்டர் யாரும் மறுக்க மாட்டார்.

எது எதற்கு

ஒவ்வொரு பயிற்சி முறையும் உடம்பில் வெவ்வேறு ஒன்றை வளர்க்கிறது. வெயிட் டிரெய்னிங் தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும். அதன் அடிப்படை எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவது. 1940-களில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் காயம்பட்ட சிப்பாய்களுக்கு இதை முறைப்படுத்தினார். ஒருவரால் அதிகபட்சம் 10 தடவை தூக்க முடிந்த எடையை அளவாக வைத்து, அதில் பாதி, முக்கால், முழுசு என்று மூன்று செட். நம் ஊர் ஜிம்களில் இன்றும் ஓடுகிற '3 செட் 10 ரெப்ஸ்' அங்கிருந்து வந்ததுதான். ஒரு தடவை தூக்கி இறக்குவது ஒரு ரெப்.

ஒரே சீரான கார்டியோ, அதாவது நடை, சைக்கிள், ரோயிங், இதயத்தையும் நுரையீரலையும் நெடுநேரம் தாங்க வைக்கும். இன்டர்வெல் என்பது கொஞ்ச நேரம் மூச்சிரைக்கும் வேகம், பிறகு இளைப்பாறல், மறுபடி வேகம். குறைந்த நேரத்தில் அதிகப் பலன் தரும், ஆனால் களைப்பும் அதிகம். சர்க்யூட் என்பது ஆறேழு பயிற்சிகளை அதிக ஓய்வு இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வருவது. 1953-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்ற இருவர் உருவாக்கிய முறை. பலமும் மூச்சும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வளரும், எதுவும் உச்சத்துக்குப் போகாது. 2000-இல் அமெரிக்காவில் தொடங்கிய கிராஸ்ஃபிட், பளு தூக்குதல், ஜிம்னாஸ்டிக்ஸ், ஓட்டம் மூன்றையும் கலந்து நேரத்தோடு போட்டி போட வைக்கும்.

பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, கூடவே முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்கும் வாரத்தில் குறைந்தது 2 நாள் பலப் பயிற்சி. கார்டியோ மட்டும் செய்கிறவரும் வெயிட் மட்டும் செய்கிறவரும் இதில் பாதிக் கிணறுதான் தாண்டுகிறார்கள்.

சேரும் முன்

40 வயதைத் தாண்டி இத்தனை நாள் உடல் உழைப்பே இல்லாதவர், பி.பி. அல்லது சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர், படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறவர், குடும்பத்தில் இள வயதிலேயே யாருக்காவது மாரடைப்பு வந்திருப்பவர் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பயிற்சியின் நடுவிலோ முடிந்த சில மணி நேரத்திலோ சர்க்கரை இறங்கிவிடலாம். பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கர்ப்பிணிகள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது.

ஜிம்மைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் நிஜமாகவே போகப்போகிற நேரத்தில் போங்கள். பகல் 11 மணிக்குக் காலியாகத் தெரியும் ஜிம், மாலை 7 மணிக்கு ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர் காத்திருக்கும் இடமாக இருக்கலாம். அந்த நேரத்தில் மாஸ்டர் தளத்தில் நின்று பார்க்கிறாரா, அல்லது போனில் இருக்கிறாரா? ஸ்குவாட் ரேக்கில் இரண்டு பக்கமும் சேஃப்டி பார் (தூக்க முடியாமல் போனால் ராடைத் தாங்கும் கம்பி) இருக்கிறதா? 1.25 கிலோ பிளேட் இருக்கிறதா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தோன்றும், ஆனால் எடை ஏற்றும் இடத்தில் அது பெரிய விஷயம். வருடச் சந்தா சலுகையைப் பார்த்து மயங்காமல் முதலில் ஒரு மாதம், பிறகு மூன்று மாதம் என்று கட்டுங்கள்.

ஷூ தட்டையாக இருக்கட்டும். ரன்னிங் ஷூவின் மெத்தை அடிப்பாகத்தில் வெயிட்டோடு நின்றால் குதிகால் ஆடும். சாதாரண கேன்வாஸ் ஷூ போதும். ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், ஒரு சின்ன நோட்டு. கிளவுஸ், பெல்ட், ரிஸ்ட் பேண்ட் எதுவும் இப்போது வேண்டாம்.

ராடின் எடையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முழு நீள ஒலிம்பிக் ராடு 20 கிலோ. பல ஜிம்களில் இருக்கும் மெல்லிய ராடுகள் 8, 10, 12 கிலோ என்று பலவிதம். ராடைக் கணக்கில் சேர்க்காமல் பிளேட்டை மட்டும் எழுதுகிறவர், வேறு ராடு கையில் கிடைத்த நாளில் திடீரென்று 10 கிலோ அதிகம் தூக்கப் பார்த்துத் திணறுவார்.

மூன்று நாள் திட்டம்

பயிற்சி நாளுக்கு இரண்டு மாதிரிகள் உண்டு. அவற்றுக்கு 'அ', 'ஆ' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அ: கோப்லெட் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ஒரு கை டம்பெல் ரோ, பிளாங்க் (முன்கையிலும் கால் விரலிலும் ஊன்றி உடம்பைப் பலகை போல நேராக நிறுத்துவது).

ஆ: ரொமேனியன் டெட்லிஃப்ட், லேட் புல்டவுன், உட்கார்ந்து டம்பெல் ஷோல்டர் பிரஸ், லெக் பிரஸ், இரு கையிலும் டம்பெல் பிடித்து 20 மீட்டர் நடை.

திங்கள் அ, புதன் ஆ, வெள்ளி அ. அடுத்த வாரம் ஆ, அ, ஆ. இப்படி மாறி மாறி. நாள் எதுவானாலும் இடையில் ஒரு நாள் ஓய்வு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு பயிற்சிக்கும் 2 செட், 10 ரெப்ஸ். எடை 'இவ்வளவுதானா' என்று தோன்றும் அளவுக்குக் குறைவாக இருக்கட்டும். பெரும்பாலான ஆண்கள் பெஞ்ச் பிரஸ்ஸை வெறும் 20 கிலோ ராடிலும், பெண்கள் 10 கிலோ ராடு அல்லது 3, 4 கிலோ டம்பெல் ஜோடியிலும் தொடங்கலாம். மூன்றாம் வாரத்திலிருந்து 3 செட், 8 முதல் 12 ரெப்ஸ். பிளாங்க் மட்டும் நேரக் கணக்கு: 20 விநாடியில் தொடங்கி 60 வரை. பெரிய பயிற்சிகளில் செட்டுக்கு நடுவே 2 முதல் 3 நிமிடம், சிறியவற்றில் ஒன்று, ஒன்றரை நிமிடம் ஓய்வு. ஓய்வைக் குறைத்தால் வியர்வைதான் கூடும். அடுத்த செட்டில் ரெப்ஸ் குறையும், பலம் வளர்வது தள்ளிப்போகும்.

தொடங்கும் முன் 5 நிமிடம் வேக நடை அல்லது சைக்கிள். பிறகு அன்றைய முதல் பயிற்சியை வெறும் கையோடு ஒரு முறை, பாதி எடையோடு ஒரு முறை. இதுதான் வார்ம் அப். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கை வெயிட்டுக்கு முன்னால் செய்தால் அந்தத் தசையின் பலம் தற்காலிகமாகக் குறையும். அதைப் பயிற்சி முடிந்த பிறகு செய்யுங்கள். தோளுக்கு வார்ம் அப் வேண்டுமென்றால், உங்கள் ஜிம்மில் லேசான கரலாக்கட்டை கிடந்தால் அதைச் சுற்றுவது அருமையான பயிற்சி. அதைச் சரியாகச் சுற்றத் தெரிந்தவரிடம் கேட்டுப் பழகுங்கள், முழங்கையைக் காதுக்கு அருகில் வைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும்.

ஸ்குவாட்

பஸ்கி போடத் தெரிந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். கோப்லெட் ஸ்குவாட்டுக்கு, 6 முதல் 10 கிலோ டம்பெல்லை நிமிர்த்தி, அதன் மேல் தலையை இரு உள்ளங்கைகளாலும் தாங்கி நெஞ்சோடு ஒட்டிப் பிடியுங்கள். கால்கள் தோள் அகலம், பாதங்கள் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும். மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில் மடியும்படி இறங்குங்கள். முழங்கால் பாதம் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். முழங்கை தொடையின் உட்பக்கத்தைத் தொடும் ஆழம் வரை போய், தரையை மிதித்துத் தள்ளி எழுந்திருங்கள். மேலே வரும்போது மூச்சை விடுங்கள்.

இதில் நேரும் தவறுகள் மூன்று. குதிகால் எழும்புவது முதலாவது. நாற்காலியிலேயே வளர்ந்த கணுக்கால் மடங்காது. தரையில் குந்தி உட்காரும் பழக்கம் விட்டுப்போனவர்கள் பலருக்கும் இது வரும். இரண்டு குதிகாலுக்கும் அடியில் 2.5 கிலோ பிளேட்டை வைத்துச் செய்யுங்கள், உடனே சரியாகும். வீட்டில் தினம் இரண்டு நிமிடம் குந்தி உட்கார்ந்தால் சில வாரத்தில் பிளேட் தேவைப்படாது. இரண்டாவது, எழும்போது முழங்கால்கள் உள்நோக்கி ஒடிவது. பெரும்பாலும் எடை அதிகம் என்பதன் அடையாளம் இது. குறைத்துவிட்டு, முழங்காலை வெளிப்பக்கம் தள்ளும் நினைப்போடு செய்யுங்கள். மூன்றாவது, அடி ஆழத்தில் இடுப்பு உள்ளே சுருண்டு கீழ்முதுகு வளைவது. கண்ணாடியில் நேராகப் பார்த்தால் தெரியாது. போனைப் பக்கவாட்டில் வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். வளையத் தொடங்கும் இடத்துக்கு இரண்டு அங்குலம் மேலேயே நிறுத்துங்கள்.

'முழங்கால் கால் விரலைத் தாண்டக் கூடாது' என்று ஜிம்மில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஆரோக்கியமான முழங்காலுக்கு அப்படி ஒரு விதி இல்லை. வலுக்கட்டாயமாகப் பின்னால் இழுத்தால் உடம்பு முன்னால் சாய்ந்து பாரம் இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போகிறது.

கோப்லெட்டில் 16 முதல் 20 கிலோ வரை 12 ரெப்ஸ் சுலபமாக வரும்போது ராடுக்கு மாறுங்கள். ராடைத் தாங்கும் கொக்கி உங்கள் நெஞ்சு நடு உயரத்தில் இருக்கட்டும். அதைவிட உயரமாக வைத்தால் திரும்ப வைக்கும்போது கால் விரலில் எம்ப வேண்டியிருக்கும், அங்கேதான் ஆட்கள் சறுக்குகிறார்கள். சேஃப்டி பார் உங்கள் அடி ஆழத்துக்கு ஓர் அங்குலம் கீழே. முடிந்ததும் ஒரு பக்கத்துப் பிளேட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். ராடு சாய்ந்து எகிறும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று கழற்றுங்கள்.

பெஞ்ச் பிரஸ்

பெஞ்சில் படுத்தால் கண் ராடுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் இழுத்துக் கீழே இறக்கி, பெஞ்சில் அழுத்திப் பூட்டுங்கள். தோளைக் காப்பதே இந்தப் பூட்டுதான். கட்டைவிரல் ராடைச் சுற்றியே இருக்கட்டும். விரலைச் சுற்றாமல் பிடித்தால் ராடு வழுக்கி நெஞ்சிலோ கழுத்திலோ விழும். ராடை நெஞ்சின் கீழ்ப்பாதிக்கு இறக்குங்கள். முழங்கை உடம்புக்கு 45 முதல் 70 டிகிரி வரை. சிலுவை போல 90 டிகிரியில் விரித்தால் சில மாதத்தில் தோளின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். நெஞ்சைத் தொட்டுத் திரும்ப வேண்டும், மோதி எகிறக் கூடாது.

ஸ்பாட் பிடிப்பவரை, அதாவது ராடு சிக்கினால் பிடிக்கத் தலைமாட்டில் நிற்பவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஜிம்களில் ஸ்பாட் நிற்பவர் முதல் ரெப்பிலிருந்தே ராடில் கை வைத்து, "விடு விடு, தள்ளு, இன்னும் ரெண்டு" என்று தானே பாதி தூக்கிவிடுவார். அன்பு காரணமாகத்தான் செய்கிறார். ஆனால் உங்கள் நோட்டில் 50 கிலோ என்று எழுதியிருக்க, உங்கள் நெஞ்சு தூக்கியது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் ஆள் இல்லாத நேரத்தில் அதே 50-ஐ எடுத்தால் ராடு நெஞ்சில் உட்கார்ந்துவிடும். "அண்ணா, ராடு நின்னுட்டா மட்டும் தொடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தனியாகச் செய்யும்போது பிளேட்டுக்குக் கிளிப் மாட்டாதீர்கள். சிக்கிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டை நழுவவிட்டு வெளியே வரலாம்.

மற்றவை

ரொமேனியன் டெட்லிஃப்ட்டில் முழங்காலைக் கொஞ்சமே மடக்கி, பின்னால் இருக்கும் கதவை இடுப்பால் சாத்துவது போல இடுப்பைப் பின்னால் தள்ள வேண்டும். ராடு தொடையை உரசிக்கொண்டே முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை போகட்டும். தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரிந்தால் சரி. கீழ்முதுகு பிடித்தால் முதுகு வளைகிறது, அல்லது ராடு உடம்பை விட்டு விலகிப்போகிறது.

லேட் புல்டவுனில் தலைக்கு மேல் தொங்கும் கம்பியை எப்போதும் முன்பக்கம், மேல் நெஞ்சுக்கு இழுங்கள். கழுத்துக்குப் பின்னால் இழுப்பதில் கூடுதல் பலன் இல்லை, தோளும் கழுத்தும்தான் கெடும். உடம்பை ஊஞ்சல் போல ஆட்டினால் இழுப்பது உங்கள் உடம்பின் எடையே தவிர முதுகுத் தசை அல்ல. டம்பெல் ரோவில் டம்பெல்லை அக்குளுக்கு இழுக்காமல் இடுப்பு எலும்பை நோக்கி இழுங்கள். லெக் பிரஸ்ஸில் பிட்டம் சீட்டை விட்டு எழும்பும் அளவுக்கு இறக்காதீர்கள். மேலே முழங்காலைப் பூட்டி நிறுத்தவும் வேண்டாம்.

தூக்கும்போது மூச்சு விடு, இறக்கும்போது இழு. இது எல்லாவற்றுக்கும். பி.பி. இருப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு முக்கவே கூடாது. அந்தச் சில விநாடிகளில் ரத்த அழுத்தம் மளமளவென்று ஏறும்.

எடை ஏற்றுவது எப்படி

முழுத் திட்டத்திலும் பலன் தீர்மானமாவது இங்கேதான். நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: 'பெஞ்ச் 30 கிலோ: 12, 10, 9'. மூன்று செட்டிலும் 12 வரும் வரை 30 கிலோவிலேயே இருங்கள். 12, 12, 12 வந்த அடுத்த நாள் 2.5 கிலோ ஏற்றுங்கள். ரெப்ஸ் 9, 8, 8 என்று இறங்கும். மறுபடி 12-க்கு ஏறுங்கள். ஒவ்வொரு செட்டையும் 'இன்னும் இரண்டு போடலாம்' என்ற நிலையில் நிறுத்த வேண்டும். கை நடுங்கி ராடு பாதியில் நிற்கும் வரை போவது இந்த 12 வாரத்தில் தேவையே இல்லை.

ராடில் 40-லிருந்து 42.5-க்குப் போவது சுமார் 6 சதவீத ஏற்றம். 1.25 பிளேட் இல்லாத ஜிம்மில் நேராக 45-க்குப் போக வேண்டும், அது 12.5 சதவீதம். டம்பெல்லில் 10-லிருந்து 12.5 என்றால் 25 சதவீதம்! ஷோல்டர் பிரஸ்ஸில் பலர் மாதக்கணக்கில் 10 கிலோவிலேயே நின்றுபோவதற்கு இதுதான் காரணம், பலக் குறைவு இல்லை. வழி உண்டு. பெரிய தாவல் உள்ள இடங்களில் 12-க்குப் பதில் 15 ரெப்ஸ் வரை வளர்த்துவிட்டு ஏறுங்கள். அல்லது சொந்தமாக ஒரு ஜோடி 1.25 கிலோ பிளேட் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மலிவானது, பல வருடம் உழைக்கும்.

இரண்டு வாரம் ஒரே எண்ணில் நின்றால் முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் எடையை 10 சதவீதம் குறைத்து மறுபடி ஏறி வாருங்கள்.

கார்டியோ

வெயிட் முடித்த பிறகு அல்லது ஓய்வு நாளில், 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் மூன்று முறை. வேகத்தின் அளவுகோல் பேச்சு: முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கடிகாரத்தில் இதயத்துடிப்பு பார்ப்பவர்கள், 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழியுங்கள். 30 வயதுக்கு 187 வரும், அதுதான் உச்சத் துடிப்பு. அதில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 112 முதல் 131. இது சராசரிக் கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து துடிப்பு மாறும். பி.பி.க்கு பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவர்கள் பேச்சை மட்டுமே நம்பலாம்.

டிரெட்மில்லில் மணிக்கு 5, 5.5 கிலோமீட்டர் வேகம், 4 முதல் 6 சதவீத ஏற்றம் வைத்தால் ஓடாமலே மூச்சு வாங்கும், முழங்காலுக்கும் அதிர்ச்சி குறைவு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு 12 சதவீத ஏற்றத்தில் தொங்கியபடி நடப்பவர்களை எல்லா ஜிம்மிலும் பார்க்கலாம். உடம்பின் ஒரு பகுதியைக் கை தாங்கிக்கொள்வதால் உழைப்பு குறைகிறது, திரையில் காட்டும் கலோரி மட்டும் குறையாது. பிடிக்காமல் நடக்க முடியாத ஏற்றம் உங்களுக்கு அதிகம் என்று அர்த்தம். சிவப்புச் சேஃப்டி கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

சைக்கிளில் பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சீட் உயரம். தாழ்ந்த சீட் முழங்காலின் முன்பக்கம் வலிக்க முதல் காரணம். ரோயிங் மெஷினில் காற்று நெம்புகோலை 10-இல் வைக்காமல் 3 முதல் 5-க்குள் வையுங்கள். முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில் கை. திரும்பும்போது கை, முதுகு, கால்.

9-ஆம் வாரத்திலிருந்து

வாரத்தில் ஒரு கார்டியோவை இன்டர்வெல்லாக மாற்றுங்கள். ஓட்டத்தைவிட சைக்கிள் நல்லது, களைத்துப்போனாலும் விழ மாட்டீர்கள். 5 நிமிடம் மெதுவாக, பிறகு 30 விநாடி பேச முடியாத வேகம், 90 விநாடி மெதுவாக. இப்படி 6 சுற்று, முடிவில் 5 நிமிடம் மெதுவாக. 12-ஆம் வாரத்தில் 8 சுற்று. வாரத்துக்கு ஒன்று போதும்.

'டபாட்டா' என்ற பெயரில் 45 நிமிட வகுப்புகள் நடக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவின் குழு 1996-இல் வெளியிட்ட முறை முற்றிலும் வேறு. சைக்கிளில் 20 விநாடி வெறித்தனமான வேகம், 10 விநாடி ஓய்வு, 7 அல்லது 8 சுற்று. மொத்தம் நான்கு நிமிடம். முடியும்போது ஆள் ஓய்ந்துபோக வேண்டும், அதுதான் கணக்கு. அதைச் செய்தவர்கள் ஏற்கெனவே நல்ல உடல் தகுதியோடு இருந்த இளம் விளையாட்டு மாணவர்கள். அதே வேகத்தை 45 நிமிடம் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. முடிகிறது என்றால் அது சாதாரண இன்டர்வெல். அதுவும் நல்ல பயிற்சிதான், பெயர்தான் வேறு.

அரை மணிதான் நேரம் இருக்கும் நாளுக்குச் சர்க்யூட் கை கொடுக்கும். ஆறு பயிற்சி, ஒவ்வொன்றும் 40 விநாடி, அடுத்ததற்கு மாற 20 விநாடி, மூன்று சுற்று. 18 நிமிடத்தில் முடியும். கோப்லெட் ஸ்குவாட், தண்டால், ஸ்டெப் அப், டம்பெல் ரோ, கெட்டில்பெல் அல்லது டம்பெல் டெட்லிஃப்ட், பிளாங்க் என்று கால், கை மாறி மாறி வரட்டும். கூட்ட நேரத்தில் ஆறு மெஷினைப் பிடித்து வைக்க முடியாது. ஒரு ஜோடி டம்பெல்லும் ஒரு மூலையும் போதும் என்ற மாதிரிப் பயிற்சிகளையே தேர்ந்தெடுங்கள். கனமான ராடு டெட்லிஃப்ட், ஸ்னாட்ச், கிளீன் போன்ற பளு தூக்கும் அசைவுகளைச் சர்க்யூட்டில் சேர்க்க வேண்டாம். களைப்பில் முதலில் கெடுவது ஃபார்ம்.

கிராஸ்ஃபிட் வகை வகுப்புக்குப் போக ஆசைப்படுபவர்கள் இந்த 12 வாரத்தை முடித்துவிட்டுப் போனால் பாதி அசைவுகள் பழகியிருக்கும். பயிற்சியே இல்லாதவர் முதல் நாளே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட்டும் புல் அப்பும் போட்டால் தசை நார்கள் சிதைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால், கை கால் வீங்கி மடக்க முடியாமல் வலித்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாதாரணத் தசை வலி வேறு. பயிற்சிக்கு மறுநாள் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய்த் தானாகத் தணியும். தசையின் நடுவில் மந்தமாக வலிக்கும். மூட்டில் குத்தும் வலி, ஒரு பக்கம் மட்டும் வரும் வலி, கைகாலுக்குள் மின்சாரம் போல ஓடும் வலி, இவை வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

சாப்பாடு

வெயிட் போடுபவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம். ஓர் இட்லியில் 2 கிராம் போலத்தான் இருக்கும், அதனால் நம் காலை உணவில் இது வராது. தேடிச் சேர்க்க வேண்டும். மூன்று முட்டையில் 18 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கப்பில் 14, 50 கிராம் சோயா சங்க்ஸில் 26, ஒரு பெரிய கிண்ணம் தயிரில் 7. சோறு, இட்லி, சாம்பார் பருப்பு சேர்ந்து 25 போல வரும். ஆக 90. கோழிக்கறி சாப்பிடுபவருக்கு இன்னும் சுலபம்: சமைத்த நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30. வே புரோட்டீன் பாலிலிருந்து எடுத்த உணவுதான், சாப்பாட்டில் எட்டாதபோது ஒரு ஸ்கூப் எடுக்கலாம், கட்டாயமில்லை. மாஸ் கெய்னர் என்ற எடை கூட்டும் பவுடர் டப்பாவில் பெரும்பகுதி சர்க்கரை வகை மாவு, அந்தக் காசுக்குப் பாலும் வாழைப்பழமும் வேர்க்கடலையும் வாங்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஊசி, மாத்திரை என்று யாராவது காதில் ஓதினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஸ்டீராய்டு இதயத்தையும் ஈரலையும் விந்தணுவையும் கெடுக்கும்.

பெண்கள் வெயிட் போட்டால் உடம்பு ஆண் போல ஆகிவிடும் என்ற பயம் வேண்டாம். பெரிய தசைக்குத் துணைபோகும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களிடம் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்வதைத் தடுக்க உதவுவதும் வெயிட்தான். திட்டம் இருபாலருக்கும் ஒன்றே, தொடக்க எடைதான் மாறும்.

13-ஆம் வாரம்

தசை பெருக்க வேண்டும் என்பவர்கள் வாரம் நான்கு நாளாக்கி, இரண்டு நாள் மேல் உடம்பு, இரண்டு நாள் கால் என்று பிரிக்கலாம். முதல் நாள் மாஸ்டர் கொடுத்த ஆறு நாள் சார்ட்டுக்கு இன்னும் ஒரு வருடமாவது போகட்டும். மூச்சுத் திறன் வேண்டும் என்பவர்கள் வெயிட்டை இரண்டு நாளாகக் குறைத்து கார்டியோவைக் கூட்டலாம். உடல் எடை குறைப்பவர்கள் வெயிட் பயிற்சியை ஒருபோதும் கைவிடக் கூடாது. விட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா என்று ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். இரண்டு மூன்று வாரம் என்றால் எல்லா எடையையும் 10 முதல் 20 சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள். காய்ச்சலோடு ஜிம்முக்குப் போக வேண்டாம். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாள் சாதாரணமாக நடமாடிய பிறகு, முதல் நாள் 2 செட் மட்டும், பாதி எடையில்.